‘நல்லா இருக்கேனுங்க’ என்று சொல்லித் தொலைக்காதீர்கள்

கொங்கு நாட்டில் பிறந்து வளர்ந்தவருக்கு, உடல் குறைபாட்டை விழுக்காட்டில் அளந்து சான்றிதழ் தரும் மருத்துவ போர்டு முன்னால் போய் உட்காரும் தகுதி இயல்பிலேயே கிடையாது. பழக்கதோஷம். முந்தின ஆளின் பேப்பரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல், “எப்படி இருக்கீங்க?” என்பார் டாக்டர். பங்காளி கேட்டாலும் டாக்டர் கேட்டாலும் நமக்கு ஒரே பதில்தான்: “நல்லா இருக்கேனுங்க.” அந்த வார்த்தை வாயை விட்டு வெளியே வந்த நிமிஷத்தில் பத்து விழுக்காடு குணமாகிவிட்டீர்கள். மருந்து இல்லை, ஊசி இல்லை, ஆபரேஷன் இல்லை.

ஆகவே மறுமதிப்பீட்டுக்குக் கூப்பிட்டிருந்தால் ஒரு வாரம் முன்பே வீட்டில் ஒத்திகை ஆரம்பித்துவிடுங்கள். வீட்டுக்காரம்மா கேட்கட்டும்: “எப்படிங்க இருக்கீங்க?” நீங்கள் சொல்ல வேண்டியது: “சிரமமுங்க.” முதல் நாள் வராது. தொண்டை வரை வந்து ‘நல்லா’ என்றே திரும்பும். அடுத்தவருக்கு நம்மால் வெசனம் வேண்டாம் என்று பாட்டி காலத்திலிருந்து ஊட்டி வளர்த்த வாய் அது, லேசில் திருந்தாது. விடாதீர்கள்.

இத்தனை பாடு எதற்கு என்பவர்களுக்காகக் கணக்கைச் சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். கை கால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் அதைப் பெற 75 விழுக்காடு வேண்டும். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு என்றால் 40 போதும். வருவாய்த் துறை வழியாக வருவது, ஊரில் எல்லாரும் பொதுவாக ‘ஓஏபி பணம்’ என்று சொல்வது, 2023 ஜனவரியிலிருந்து 1,500. அதில் மத்திய அரசு தன் பங்காக 300 ரூபாய் தர வேண்டுமானால் 80 விழுக்காடு கேட்கும். அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்கீடு, மேல்படிப்பில் 5 விழுக்காடு ஒதுக்கீடு எல்லாம் 40இல்தான் தொடங்குகின்றன. 39 வாங்கியவருக்கு ஒன்றும் இல்லை. நம்மோடு சேர்ந்து பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். 2024 அக்டோபர் விதித் திருத்தத்தில் இதற்குக் கலரும் கொடுத்துவிட்டார்கள். 40க்குக் கீழே வெள்ளை அட்டை, 40இலிருந்து 80க்குள் மஞ்சள், 80உம் அதற்கு மேலும் நீலம். ரேஷன் கார்டுக்குப் பிறகு நம் வீட்டு பீரோவுக்குள் வந்திருக்கும் அடுத்த வண்ணப்படம்.

இனி, ‘கால் அதே கால்தானே, மறுபடியும் எதுக்குங்க போர்டு?’ என்ற கேள்வி. இதைப் போர்டில் கேட்காதீர்கள், இங்கேயே கேட்டுவிட்டுப் போங்கள். மாறுவதற்கு வாய்ப்பில்லாத குறைபாட்டுக்கு நிரந்தரச் சான்றிதழ் தரலாம் என்று 2017ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. ஆனால் தற்காலிகம் என்று எழுதிவிட்டால் டாக்டருக்கும் நிம்மதி, ஆபீசுக்கும் நிம்மதி. போலியோ வந்த என் இடது காலுக்குத் தான் தற்காலிகம் என்று இன்னும் தெரியாது. இதற்கிடையில் அளவுகோலும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2001இல் ஒரு வழிகாட்டுதல், 2018 ஜனவரியில் ஒன்று, 2024 மார்ச்சில் இன்னொன்று. பழைய சான்றிதழை யுடிஐடி என்ற தேசிய அடையாள அட்டையாக மாற்றப் போகிறவர் பழைய உடம்போடு போய்ப் புது அளவுகோலில் படுக்கிறார். போதாக்குறைக்கு 2024இல் ஒரு பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரியின் சான்றிதழ் மேல் புகார் எழுந்ததும் நாடு முழுக்கச் சந்தேகக் கண் திறந்துகொண்டது. அங்கே ஐ.ஏ.எஸ். பதவி கேட்டவர் மேல் எழுந்த சந்தேகத்துக்கு இங்கே அன்னூரிலும் சூலூரிலும் 1,500 ரூபாய் வாங்குகிறவர் காலைத் தூக்கிக் காட்ட வேண்டும். பக்கத்து ஆந்திராவில் உதவித்தொகையை 6,000 ரூபாயாக உயர்த்தினார்கள். கூடவே ஊர் ஊராக மறுபரிசோதனையும் வந்து, 2025இல் ஏராளமானவர்களுக்கு ‘உங்களுக்கு 40 இல்லை’ என்று நோட்டீஸ் போய், பெரிய ரகளையானது. தொகை ஏறினால் தராசும் கூடவே வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உடை விஷயத்தில் நம்மவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் சலவை வேட்டி, கஞ்சி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. நாலு பேர் பார்க்கும் இடத்துக்கு அழுக்காகப் போக முடியுமா? அந்த நாலு முழ வேட்டி சூம்பிய காலை அடியோடு மறைத்துவிடும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. இன்னொரு பக்கம், வாசலில் நிற்கும் புரோக்கர் வேறு யோசனை சொல்வார்: “அண்ணா, உள்ள போகும்போது இன்னும் கொஞ்சம் சாய்ஞ்சு நடங்க.” அவரிடம் சட்டத்தின் 91ஆம் பிரிவைப் பற்றிச் சொல்லுங்கள். ஏமாற்றிச் சலுகை பெற்றால் இரண்டு வருஷம் வரை உள்ளே, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நடிப்புக்கு அவசியமே இல்லை. நீங்கள் ஏற்கெனவே நடித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள், ஆரோக்கியமானவராக. அதை அரை மணி நேரம் நிறுத்தி வைத்தாலே போதும்.

உதாரணமாக, “நடப்பீங்களா?” என்று கேட்கிறார்கள். “நடப்பேனுங்க” என்று முடித்துக்கொள்ளாதீர்கள். வாக்கியத்தின் பின்பாதியைச் சொல்லுங்கள்: நடப்பேன், பஸ் ஸ்டாப் வரை, அங்கே திண்டில் உட்கார்ந்தால் அடுத்த பஸ்ஸை விட்டுவிட்டு அதற்கடுத்த பஸ்ஸில்தான் ஏற முடியும், ராத்திரி காலில் எண்ணெய் தேய்க்க ஆள் வேண்டும். இங்கிலாந்தில் இதை மீட்டர் கணக்கில் கேட்கிறார்கள். அங்கே பிஐபி என்ற உதவித்தொகைக்கு, எழுந்து 20 மீட்டருக்கு மேல் நடக்க முடியாதவருக்கு 12 புள்ளி, கைத்தடி போன்ற துணையோடு 20 தாண்டி 50 மீட்டருக்குள் நின்றுவிடுகிறவருக்கு 10 புள்ளி. மறுத்தால் முதலில் அதே துறையிடம் மறுபரிசீலனை கேட்க வேண்டும், அதற்கப்புறம் தீர்ப்பாயம். தீர்ப்பாயம் வரை மல்லுக்கட்டியவர்களில் பாதிக்கு மேல் ஜெயிக்கிறார்கள். முதல் கடிதத்திலேயே சலித்துப்போய் விட்டவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

அம்மாக்களுக்குத் தனி வகுப்பு எடுக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைக்கு ஐந்து, பத்து, பதினெட்டு வயதில் சான்றிதழைப் புதுப்பிக்கச் சொன்னது 2018 வழிகாட்டுதல். அதில் சமூக முதிர்ச்சியை அளக்க ஒரு கேள்வித்தாள் உண்டு. தானாகச் சாப்பிடுவானா, பட்டன் போடுவானா, கடைக்குப் போவானா என்று அம்மாவைத்தான் கேட்பார்கள். மிதமான குறைபாடு என்று வந்தால் 75, லேசானது என்றால் 50, எல்லைக்கோட்டில் நின்றால் 25. இந்த எண்களைத் தெரிந்துகொண்டு இந்தக் காட்சியைப் பாருங்கள்:

“பையன் கடைக்குப் போவானாம்மா?”

“ஓ, போவானுங்க சார்! எங்க அப்புனு கெட்டிக்காரன். காலைல முக்குக் கடைல பால் பாக்கெட் அவந்தான் வாங்கியாருவான்.”

பெருமையில் அம்மாவின் முகம் பூரித்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை. அவர் சொல்லாமல் விட்டது என்னவென்றால், காசை அம்மா எண்ணி அவன் சட்டைப் பையில் போட்டு ஊக்கு குத்தி அனுப்புகிறார்; கடைக்காரருக்குப் பாக்கெட் கலர் தெரியும், பையன் வாய் திறக்க வேண்டியதில்லை; அம்மா கேட்டருகே நின்று அவன் திரும்பும் வரை தெருவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்; முக்கில் நாய் நின்றால் அன்றைக்குப் பாலும் இல்லை, பையன் வீடு திரும்புவதும் இல்லை, அப்பா மில்லிலிருந்து வந்து தேடிப் போக வேண்டும். கேள்வித்தாளில் ‘கடைக்குச் செல்வார்’ என்ற கட்டத்தில் மட்டும் டிக். பால் பாக்கெட் கதையைச் சொல்லுங்கள், அம்மணி, தாராளமாகச் சொல்லுங்கள். ஊக்கிலிருந்து நாய் வரை முழுசாகச் சொல்லுங்கள்.

கணக்குப் பாடம் கொஞ்சம் இருக்கிறது. உங்களுக்குக் காலில் 40, காதில் 30 என்று வைத்துக்கொள்வோம். திருப்பூர் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவரைக் கேட்டால் 70 என்பார். போர்டு கணக்கில் 57. பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, 90இலிருந்து அதைக் கழித்து, மீதியைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்துக் கூட்ட வேண்டும். அதாவது 40 போனால் மீதி 50; அதை 30ஆல் பெருக்கி 90ஆல் வகுத்தால் பதினாறரைச் சொச்சம். இந்தச் சூத்திரம் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. ஆனால் கூட்டும்போது கை தவறுவது மனித இயல்பு. காதைக் கணக்கில் சேர்க்காமலே விட்டுவிடுவதும் மனித இயல்பு. வீட்டுக்கு வந்து செல்போனில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

ஃபவுண்டரியிலும் பிரஸ் மெஷினிலும் வேலை பார்த்தவர்களுக்கு இந்த ஊரில் இன்னொரு அட்டவணையும் தெரியும். தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. திட்டம் முதலில் வந்ததே கோவைக்குத்தான், 1955 ஜனவரியில். பம்ப்செட்டும் கிரைண்டரும் செய்யும் ஊரில் விரல்களுக்கு விலைப்பட்டியல் இல்லாமல் எப்படி? 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தில் இருந்த இரண்டாம் அட்டவணைப்படி கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு, ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. ஆள்காட்டி விரலில் ஒரு கணு மட்டும் என்றால் 9. அதே அட்டவணையில், மற்ற கண் நன்றாக இருந்து ஒரு கண் அடியோடு போனால் 40. அந்த மனிதர் அதே கண்ணோடு ஊனச் சான்றிதழ் போர்டுக்கு வந்தால் 30. அங்கே அளப்பது சம்பாதிக்கும் திறன், இங்கே அளப்பது பார்வை. அதனால் இரண்டும் சரிதான் என்பார்கள். லேத்தில் தெறித்த இரும்புத்தூளுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் 40 வாங்கும் இடமாகப் பார்த்து விழுந்திருக்கும். இ.எஸ்.ஐ. போர்டின் முடிவை எதிர்த்து மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அதற்கு மேல் தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றம் என்று அந்தச் சட்டம் படிக்கட்டு கட்டி வைத்தது. அதில் ஏறுவதற்குள் முதலாளி, “ஏப்பா, கைச்செலவுக்கு இத வெச்சுக்க” என்று ஒரு கவரை நீட்டிவிடுவார். படிக்கட்டு சுத்தமாக இருக்கும்.

சரி, எண் குறைந்துவிட்டது. 76 இருந்த இடத்தில் 60 என்று வந்திருக்கிறது. இப்போது நீங்கள் செய்யக்கூடாத முதல் காரியம், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஊழியரிடம் போய்ப் பேசுவது. அவர் நல்லவர்தான். “ஒண்ணும் பண்ண முடியாதுங்க, மேல இருந்து ரூல்ஸ் மாத்திட்டாங்க, அடுத்த வருஷம் வாங்க” என்பார். நீங்களும் “சரிங்க சார்” என்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவீர்கள். இந்த நாட்டில் மிகப் பாதுகாப்பான தீர்ப்பு வாய்ச்சொல்தான். அதற்குத் தேதி கிடையாது, கையெழுத்து கிடையாது, ஆகவே அதை எதிர்த்து அப்பீலும் கிடையாது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு இரண்டே இரண்டு உட்பிரிவு கொண்ட சின்னப் பிரிவு. சான்றளிக்கும் அதிகாரியின் முடிவால் பாதிக்கப்பட்ட எவரும், மாநில அரசு குறித்துள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம், குறித்துள்ள கெடுவுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது. ‘முடிவு’ என்று ஒன்று காகிதத்தில் இருந்தால்தான் இந்தப் பிரிவுக்கு உயிர் வரும். எண்ணைக் குறைத்திருந்தால் அந்தச் சான்றிதழே முடிவு. அதை வாங்கிக்கொள்ளாமல் கோபித்துக்கொண்டு வராதீர்கள். சான்றிதழே கிடையாது என்று மறுத்திருந்தால், 2017 விதிகளோடு வந்த எட்டாம் படிவத்தில் காரணத்தை எழுதித் தர வேண்டும். “எட்டாம் படிவம் குடுங்க சார்” என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அதுவரை உங்களை ‘ஏப்பா’ என்று கூப்பிட்டவர் ‘நீங்க எங்கிருந்து வர்றீங்க?’ என்பார். பாதிக் காரியம் அங்கேயே முடிந்தது.

அப்பீல் யாரிடம், எத்தனை நாளுக்குள் என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஒரு வெள்ளைத்தாள், முப்பது நாள். கேட்க வேண்டியவை: என் மதிப்பீட்டுத் தாளின் நகல், எந்த வருஷத்து வழிகாட்டுதலின்படி அளந்தீர்கள், மேல்முறையீட்டு அதிகாரி யார், கெடு எத்தனை நாள். பதில் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம், கெடு உங்களுக்காகக் காத்திருக்காது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் வழியாக என்று போட்டு அப்பீலையும் உடனே அனுப்பிவிடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதை 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். அஞ்சல் துறைக்கே மறுமதிப்பீடு நடந்திருக்கிறது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்கும் போகலாம், தப்பில்லை. ஆனால் வாசலில் மனு எழுதுகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அவர் கை தானாக ‘கருணை மனு’ என்று தலைப்புப் போடும். பிறகு இரண்டு பக்கம் கண்ணீர்: வயதான தாய், கடன், கூரை வீடு, மானாவாரிக் காடு, மழையில்லை. எல்லாம் உண்மை. உங்கள் முழங்காலைப் பற்றி மட்டும் ஒரு வரி இருக்காது. கருணை மனு உரிய நடவடிக்கைக்காக என்று சீல் வாங்கிக்கொண்டு எந்த போர்டு எண்ணைக் குறைத்ததோ அந்த இடத்துக்கே விளக்கம் கேட்டுப் போகும். விளக்கம் ‘விதிப்படி பரிசீலிக்கப்பட்டது’ என்று திரும்பி வரும். தலைப்பை மாற்றுங்கள்: ‘2016ஆம் ஆண்டு சட்டம் பிரிவு 59இன் கீழ் மேல்முறையீடு.’ வறுமையை ஒரே வரியில் முடியுங்கள். மிச்ச இடம் முழங்காலுக்கு. மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளக்கக் கோனியோமீட்டர் என்ற கருவி உண்டு, பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த பாகைமானிக்கு இரண்டு கை முளைத்த மாதிரி. அதை உங்கள் காலில் வைத்தார்களா? தசை வலுவைப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை குறித்தார்களா? இல்லை, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தே பார்த்தார்களா? பழைய சான்றிதழில் எழுதியிருந்த எது புதியதில் காணாமல் போனது? இதை எழுதினால் மனு முக்கால் பக்கம்கூட வராது. மனு எழுதுகிறவர் இதற்கு முழுக்காசு வாங்கக் கூச்சப்படுவார்; கொடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் படிக்காத சனங்களுக்குத்தான் என்று நினைக்க வேண்டாம். எம்.பி.பி.எஸ். படிக்க வந்த ஓம்கார் கோண்ட் என்ற மாணவரின் வழக்கில், பேச்சுக் குறைபாடு 40க்குக் கீழே இருந்தால் ஒதுக்கீடு கிடையாது, 40ஐத் தொட்டால் படிப்பே கிடையாது என்று விதி நின்றது. ஒதுக்கீட்டுக்குள் நுழைய வேண்டிய வாசற்படியிலேயே வெளியே தள்ளும் ஏற்பாடு. 2024 அக்டோபர் 15இல் உச்ச நீதிமன்றம், எண்ணை மட்டும் வைத்துக் கதவைச் சாத்தக்கூடாது, அவரால் படிக்க முடியுமா என்று போர்டு பார்க்க வேண்டும், முடியாதென்றால் காரணத்தை எழுத வேண்டும், மேல்முறையீட்டுக்கு ஏற்பாடு ஆகும் வரை போர்டின் முடிவை எதிர்த்து நீதிமன்றத்துக்கு வரலாம் என்றது. தீர்ப்பை எழுதிய நீதிபதி கே.வி. விஸ்வநாதன் கோவை சட்டக் கல்லூரியில் படித்தவர். இதை உள்ளூர்ப் பெருமைக்காகச் சொல்கிறேன். அந்தத் தீர்ப்பு மருத்துவப் படிப்புச் சேர்க்கை பற்றியது, உதவித்தொகை பற்றியது அல்ல என்று யாராவது சட்டம் பேசுவார்கள். அவர்கள் சொல்வது சரி. ஆனாலும் ‘காரணத்தை எழுது’ என்ற பகுதியை மஞ்சள் பேனாவால் கோடு போட்டு மனுவோடு வையுங்கள். பேச்சு என்றால் என்ன, கால் என்றால் என்ன, காரணம் காரணம்தான்.

மேல்முறையீடும் பலிக்காமல் ஐகோர்ட் என்றதும் பலருக்குத் தோட்டத்தை விற்கும் யோசனை வந்துவிடும். வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி மாற்றுத்திறனாளிக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும். 15100க்குப் போன் போடலாம், அல்லது நேரே கோவை ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட ஆணைக்குழுவுக்குப் போகலாம். மாற்றுத்திறனாளி என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார்கள். சர்ச்சையில் இருக்கும் அதே சான்றிதழைத்தான் காட்ட வேண்டும். காட்டுங்கள், வெட்கப்படாதீர்கள்.

வழக்கு மெட்ராஸுக்குப் போனால் பயணம் வரும். சான்றிதழ் செல்லுபடியாகும் காலம் வரை அரசு பஸ்ஸில் கால்வாசிக் கட்டணம்தான். காலாவதியான சான்றிதழைப் புதுப்பிக்கக் கேட்டுப் போகிறவர் முழு டிக்கெட் எடுத்தாக வேண்டும். கண்டக்டரிடம் 59ஆம் பிரிவைப் பேசிப் பிரயோசனம் இல்லை. பஸ்ஸில் ஏறியதும் டிக்கெட்டை வாங்கிப் பத்திரமாக மடித்து வையுங்கள். மனுவின் கடைசியில் ‘இணைப்பு’ என்று ஒரு தலைப்பு இருக்கும், அதில் அதையும் ஒரு ஜெராக்ஸ் போட்டுச் சேர்த்துவிடலாம். ஜெராக்ஸ் இரண்டு காப்பியாக எடுங்கள், டிக்கெட் மை சீக்கிரம் அழிந்துவிடும்.